லயத்துச் சுவரில் ஒரு கெமரா

அரைக் கோப்பை சீனி கொடுப்பதற்குக்கூடப் பெரியம்மாவுக்கு ஒரு சாட்சி வேண்டும்.

ஒற்றை அறை வீடான பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்லமாக்கா கோப்பையோடு வந்து நிற்பார். இவர் உடனே அளந்து கொடுத்துவிட மாட்டார். வாசல் இஸ்தோப்புக்கு வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்வையை ஓட்டி, துணி காயப்போடுகிற யாரையாவது கையைத் தட்டிக் கூப்பிடுவார். "இங்க பாருங்க, அரைக் கோப்பை. பாத்துக்கிட்டீங்கதானே?" அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டியபிறகுதான் சீனி கைமாறும். செல்லமாக்கா சீனியைத் திருப்பிக் கொண்டுவரும் நாளிலும் இதே கூத்து நடக்கும்.

கஞ்சத்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திருப்பித் தராவிட்டால் அவர் கேட்டதே கிடையாது. நடந்தது நடந்ததுதான் என்று இன்னொருவருடைய கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். லயத்துப் பிள்ளைகள் அவருக்குச் சாட்சியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் வைத்தவர்களில் ஒருவன். நேரில் கூப்பிடுவது பெரியம்மா என்று. சொந்தம் ஒன்றுமில்லை, கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்தவர், அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளையில்லை. யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தங்கச்சி மட்டும் உண்டு. அவருடைய உண்மையான பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்கான யோக்கியதை என்னிடம் இல்லை.

ஆடித் திருவிழாவுக்குக் கோயிலுக்கு ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் கொண்டுபோவார். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போக நாலு பேர் வரட்டும் என்று காத்திருப்பார். பூசாரிக்கு எரிச்சல் வந்துவிடும்.

"சாமி பாத்துக்கிட்டுதானே இருக்கு? உள்ள கொண்டாந்து வைங்களேன்."

"சாமி பாக்கும் பூசாரி. யாராவது கேட்டா சொல்லுமா?"

பூசாரி மணியை எடுத்து அடிக்கத் தொடங்கிவிடுவார்.

நான் கஹவத்தை டவுனில் மின்சாரச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியம்மா எனக்கொரு குடை வாங்கித் தந்தார். நல்ல கறுப்புக் குடை, பொத்தானை அழுத்தினால் விரிவது. அதைச் சும்மா கையில் கொடுக்கவில்லை. லயத்தில் இருந்த மூன்று பேரை வரவழைத்து, அவர்கள் முன்னால் விரித்துக் காட்டி, மடக்கி, என் கையில் வைத்தார். எனக்கு மானம் போய்விட்டது. "எதுக்குப் பெரியம்மா இவ்வளவு அமக்களம்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஒன்னைய யாரும் இது எங்கேருந்துடா எடுத்தேன்னு கேக்கப்படாது. கேட்டா இவுக மூனு பேரும் சொல்லுவாங்க."

தோட்டத்துப் பையன் கையில் புதுச் சாமான் இருந்தால் முதலில் வருகிற கேள்வி அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது விளங்கக் கொஞ்ச நாளானது.

இந்தப் பழக்கம் அவருக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை அம்மாதான் சொன்னார். பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ கேலியாகச் சாட்சியம்மா என்றேன். அம்மா கையை நிறுத்தினார்.

"அப்பிடிச் சொல்லாதே. ஒனக்கு ஒன்னும் தெரியாது."

பெரியம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லையாம். கொழுந்து முற்றலாக இருக்கிறதென்று மலையில் வைத்துக் கங்காணி அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அந்த நிரையில் பதினொரு பெண்கள் நின்றார்கள். பெரியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே ஒப்பீசுக்குப் போய் முறையிட்டார். மறுநாள் பதினொரு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பதினொரு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்களாம்: நாங்க குனிஞ்சி கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தோம், பாக்கல. பொய் முறைப்பாடு செய்ததாகப் பெரியம்மாவை இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க எங்கம்மா நின்னீங்க?" என்றேன்.

"பக்கத்து நிரையில." மடியில் கிடந்த தோலை உதறினார். "நீ வயித்துல இருந்த."

பிறகு பலாக்கொட்டையை உரிக்கத் தொடங்கிவிட்டார். அம்மாவைப் பெரியம்மா ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் பிறந்தபோது நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைத்ததே அவர்தானாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் முன்கூட்டியே ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். நடந்தபிறகு தேடினால் சாட்சி கிடைக்காது, நடக்குமுன்பே கூப்பிட்டு நிறுத்திவிட வேண்டும் என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு அறுபது முடிந்ததும் வேலையாட்கள் பெயரேடான செக்ரோலில் பேர் வெட்டினார்கள். வேலை செய்கிறவர்களுக்குத்தான் காம்பரா என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. யார் வீட்டிலாவது ஒருவர் வேலைக்குப் போனால் கண்டுகொள்ள மாட்டார்கள். பெரியம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை. காம்பராவை விடச் சொல்லி இரண்டு முறை வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். "எழுதித் தரச் சொல்லுங்க" என்று பெரியம்மா பதில் சொல்லி அனுப்பினார். யாரும் எழுதித் தரவில்லை. காம்பராவைச் சீமெந்தும் உரமும் அடுக்கக் கண்டாக்கையா கேட்டிருக்கிறார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கண்டாக்கையா என்றால் தோட்டத்து வெளிவேலைகளை எல்லாம் மேய்க்கிற அதிகாரி.

அதன்பிறகு தண்ணீர்க் குழாய் வெட்டுப்படத் தொடங்கியது.

மேலே ஊற்றிலிருந்து ஒவ்வொரு காம்பராவுக்கும் கறுப்புக் குழாய் இழுத்திருப்பார்கள். பெரியம்மாவின் குழாய், பக்கச் சுவரோரம் இருந்த நீலப் பீப்பாயில் வந்து விழும். லயம் முழுவதும் மலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் அதை யாரோ கத்தியால் இரண்டாக வெட்டிவிட்டுப் போனார்கள். ஒட்டினால் வெட்டுவார்கள். மாற்றினால் வெட்டுவார்கள். கீழே ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு எண்பது படி. முழங்கால் வீங்கிய மனுஷி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்குப் படி நின்று ஏறிவருவார். அதைப் பார்த்தவர்கள் குடத்தை வாங்கித் தூக்கிக் கொடுத்தார்கள். யார் வெட்டுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒப்பீசுக்குப் போனார். கிளாக்கர் பேனாவைத் திறக்காமலே கேட்டார்:

"யார் வெட்டினது? பாத்தீங்களா? பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

அந்த வாரமே செல்லமாக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்துவிட்டார். கடை முதலாளி நானாவுக்கு நல்ல மனசு, வியாபார வாய்.

"வாங்கம்மா, இரிங்க. என்னா தேவ?"

"அந்தப் பாக்கிற சாமான் ஒன்னு வேணும் நானா. வீட்டுக்கு."

நானா முதலில் பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். நாலு கெமரா, பதிவு பண்ண ஒரு பெட்டி, டீவியில் நாலு கட்டமாகத் தெரியும். பெரியம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு இருக்கிறது ஒத்தக் காம்பரா நானா. நாலு கண்ணு எதுக்கு? ஒரு கண்ணு, ஆனா அது சொன்னத மாத்திச் சொல்லப்படாது" என்றார்.

அப்புறம் கேள்விகள். ஒரு மணி நேரம். படத்தில் தேதி விழுமா, மணி விழுமா? அந்த மணியை யாராவது மாற்றலாமா? மழையில் நனைந்தால் என்னாகும்? கரண்ட் போனால் கண்ணை மூடிக்கொள்ளுமா? ஆளையும் கோழியையும் பிரித்து அறியுமா? தமிழ் தெரியாத பொலிசுக்கு விளங்குமா? நானா சிரித்துவிட்டார். "படம்தானேம்மா. அதுக்கு என்னா பாசை?" பெரியம்மா சிரிக்கவில்லை. "அதுதான் நானா நல்லது" என்றார்.

நான் அவருக்கென்று யோசித்து ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். பார்வைக்கு மின்குமிழ் மாதிரியே இருக்கும். குமிழ் மாட்டுகிற இடத்தில் திருகிவிட்டால் போதும். ஜன்னல் வழியாக வயரை இழுத்துப் பீப்பாய்ப் பக்கம் ஒரு ஹோல்டரைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. சுவரில் கை வைக்கவே தேவையில்லை. வருகிறவனுக்குச் சந்தேகமும் வராது.

பெரியம்மா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இதப் பாத்தா கெமரான்னு தெரியாதா?"

"தெரியாது. அதுதான் பெரியம்மா இதுல விசேசம்."

"அப்ப வேணாம்." திருப்பித் தந்துவிட்டார். "ஒளிஞ்சிக்கிட்டுப் பாக்கிறது சாட்சியில்ல தம்பி. வேவு. சாட்சின்னா நான் இங்கன நிக்கிறேன், பாக்கிறேன்னு எல்லாருக்கும் தெரியணும்."

நான் விட்டுக்கொடுக்காமல் பேசிப் பார்த்தேன். நானாவும் பேசிப் பார்த்தார். செல்லமாக்காகூட, "அந்த பல்ப வாங்குங்களேன் மதினி, பஸ் போயிரும்" என்றார். அசையவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது வெள்ளை நிறத்தில், சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஆகி, சிம் போட்டு வேலை செய்கிற கெமராவைத் தெரிந்தெடுத்தார். வெளிச்சுவரில் நாலு ஸ்குரூ ஆணி அடித்துப் பூட்ட வேண்டும். அரை மைல் தூரத்திலிருந்தும் கெமரா என்று தெரியும். அப்போது அது எனக்கு வெறும் பிடிவாதமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டப் போனேன். அவர் லயத்தையே கூட்டி வைத்திருந்தார். ஆளுக்கொரு பிளேன்டீ, அவித்த மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ச் சம்பல். நான் ஏணியில் ஏறி ட்ரில்லைச் சுவரில் வைத்தபோது, "கொஞ்சம் இரு தம்பி" என்று நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தத் தம்பி எம் பேச்சக் கேட்டுத்தான் ஓட்ட போடுது. அது மேல ஒரு குத்தமும் இல்ல. எங் காம்பரா, எந் தண்ணி, எங் கெமரா. எல்லாரும் பாத்துக்கிட்டீங்கதானே?"

"பாத்தோம், பாத்தோம்!" என்று கோரசாகக் கத்தினார்கள். ஒருவர் விசிலடித்தார். சுண்ணாம்பும் செங்கல்தூளும் என் தலையில் கொட்டின. நாலு ஓட்டை. நான் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்தச் சுவர் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் லயத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் டீவி டிஷ் தொங்குகிறது. ஒருவரும் ஒரு நாளும் யாரிடமும் கேட்டுப் பூட்டியதில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பெரியம்மாவிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் படம் என் போனுக்கு வருகிற மாதிரிச் செய்தேன். கடையில் இருக்கும்போது டிங் என்று சத்தம் வரும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் கோழி. இல்லாவிட்டால் பெரியம்மா. காலையில் பீப்பாய் நிறைந்ததும் கெமராவுக்கு முன்னால் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "தம்பி, தண்ணி நெறைஞ்சிருச்சி, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவார். மருதாணி வைத்த அன்று கையை விரித்துக் காட்டினார். நானாவும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். பூட்டிய முதல் மூன்று வாரமும் பெரியம்மாவின் நடையே மாறிப்போயிருந்தது என்று அம்மா சொன்னார்.

நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருபது நிமிடம். டிங் என்றது. திறந்தேன். தோட்டத்துக் காவல் வாச்சர் கத்தியோடு குனிந்து குழாயை வெட்டிக்கொண்டிருந்தார். நாலடி பின்னால் கண்டாக்கையா, கையில் குடை. தூறல்கூட அதன் கம்பியில் ஓடுவது தெரிந்தது. வெட்டி முடித்ததும் கண்டாக்கையா தலையை நிமிர்த்தி நேரே கெமராவைப் பார்த்தார். முகத்தை மறைக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. அந்தப் பார்வையிலேயே எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து, கடையில் நின்றபடியே ஏழு தடவை பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"இனி ஒருத்தருக்கும் பாக்கலன்னு சொல்ல ஏலாது தம்பி. இது குனிஞ்சி கொழுந்து எடுக்கல."

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு ஒப்பீசுக்குப் போனேன். தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை என் போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல கிளியர்" என்றார். பிறகு கேட்டார், "இது எங்க பூட்டியிருக்கு?"

"எங் காம்பரா சொவத்துலங்க ஐயா."

"சுவர் யாரோடது?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுத்துல அனுமதி எடுத்தீங்களா?"

"ஐயா, எல்லா லயத்துலயும் டிஷ் பூட்டியிருக்காங்களே" என்றேன் நான். அந்த ஒரு தடவைதான் நான் வாயைத் திறந்தேன். அதையாவது செய்தேன்.

"அதப் பத்தி யாரும் முறைப்பாடு குடுக்கல்ல" என்றார் தொரை. போனைத் துடைத்து என்னிடம் தந்தார்.

ஒன்பதாவது நாள் கடிதம் வந்தது. பெரியம்மா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த எழுத்து. சிங்களத்தில் இருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாமல் ஒரு நாளும் ஓடாது. தோட்டத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் சுவரை அனுமதியின்றித் துளைத்துச் சேதப்படுத்தியது. வேலையில் இல்லாமல் காம்பராவில் குடியிருப்பது. ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும். குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. துளைபோட்டதைக் கண்ணால் கண்டவர்கள் என்று ஆறு கையெழுத்து. முதலாவது செல்லமாக்காவுடையது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஓட்டை போட்டதைப் பார்த்தீங்களா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. செல்லமாக்கா என்னைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டார்.

"பாத்ததத்தானே தம்பி கேட்டாங்க. மதினியே கூப்புட்டுக் காட்டுனாங்களே. பாக்கலன்னு எப்பிடி நான் சொல்லுறது?"

முப்பது வருடத்துக்கும் முன்னால் பதினொரு பேர் பொய் சொன்னார்கள். இந்த ஆறு பேரும் சத்தியத்தைச் சொல்லியிருந்தார்கள். யாரை நொந்துகொள்வது? பெரியம்மா அந்தத் தாளை மடியில் வைத்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு பொலிசுக்குப் போனோம். அங்கே படத்தைப் பார்த்த ஐயா, "ஹொந்தட்ட பேனவனே" என்றார். நன்றாகத்தான் தெரிகிறது. தெரிந்து என்ன? சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை, டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். படம் இந்தக் கெமராவில்தான் விழுந்தது, யாரும் கைவைத்து மாற்றவில்லை என்று சொல்ல என்னை வரச் சொன்னார் பெரியம்மா. நான் வருகிறேன் என்றேன். சத்தியமாகப் போகத்தான் நினைத்தேன்.

அந்த வாரம் நானாவுக்குப் பெரிய ஓடர் கிடைத்தது. எங்கள் தோட்டத்துத் தொரை பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் பதினாறு கெமரா. என் போனில் பார்த்த படத்தின் தெளிவு தொரைக்குப் பிடித்துப்போயிருக்கிறது. சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம்.

"ஒனக்கு அண்டைக்கு வேற வேல இருந்தா சொல்லு மகன்" என்றார் நானா. "நான் வேற ஆளப் பாக்குறேன்."

அந்த ஒரு நாளுக்கு மட்டும் வேறு ஆளா, இனிமேலுக்கே வேறு ஆளா? நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அன்றைய நாளுக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சாக்கு இல்லாமல் போயிருக்கும். அதனால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை அம்மா சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டே, "நீ சபைக்குப் போறியா?" என்றார். "பங்களாவுல வேல இருக்கு" என்றேன். அம்மா பார்சலை இரண்டாம் தடவையும் நூலால் சுற்றிக் கட்டினார்.

பத்து மணிக்குப் பங்களாவின் முன்சுவரில் ட்ரில் போட்டுக்கொண்டிருந்தேன். அனுமதி பெற்ற ஓட்டைகள். சட்டைப் பையில் போன் அடித்தது. பெரியம்மாவின் நம்பர். நின்று, திரும்பவும் அடித்தது. நாலு தடவை. ட்ரில் ஓடினால் போன் சத்தம் கேட்காது. ஓட்டை போட்டு முடிந்தபிறகும் நான் அதை ஓடவிட்டுக்கொண்டே நின்றேன். சுவர் தேவைக்கு மேல் ஆழமாகப் போய்விட்டது.

சபையில் தோட்டத்துத் தரப்பிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம். இந்தப் படம் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று சொல்ல ஆள் இருக்கிறதா? பெரியம்மா வாசலைப் பார்த்தபடி பன்னிரண்டு மணிவரை இருந்திருக்கிறார். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் நல்லதாக ஒரு முடிவு என்று எழுதினார்கள். தோட்டம் சுவர்ச் சேதத்துக்கு வழக்குப் போடாது. அவர் காம்பராவை விட்டுவிடுவார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தார். ஒரு பையில் கெமரா இருந்தது. துடைத்துப் புதிதுபோல வைத்திருந்தார். கூட யாரும் வரவில்லை. அவர் துணையில்லாமல் கடைப்படி ஏறியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இத யாருக்காச்சும் குடு தம்பி. ஓட்டைய நானே சீமெந்து வச்சி அடைச்சிட்டேன். நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க ரெண்டு காம்பராவுல ஏழு பேரு. பாப்போம்."

நான் மேசையில் கிடந்த வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஏன் தம்பி வரல?"

"காச்சல் பெரியம்மா" என்றேன். "எழும்ப ஏலாமப் போச்சி."

நானா கல்லாவில் இருந்தார். எதையோ தேடுகிறவர்போல் மேசைக்குக் கீழே குனிந்தார். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அந்த மனுஷனால் பொய் சொல்லியிருக்க முடியாது. பெரியம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, சீமெந்து பொரிந்த உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சுடுதே" என்றார்.

எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை.